சார்ஜிங் பின் பழுது என்று கடலூரில் 4,850 ரூபாய் இழந்தேன்: கடற்கரையோரம் வசிப்பவர்கள் எச்சரிக்கையாக இருங்கள்

நேற்று மாலை நடந்ததை இன்று காலையிலேயே எழுதுகிறேன், ஏனென்றால் இன்னொரு வீட்டுப் பணம் இப்படிப் போகக் கூடாது. சார்ஜ் போடும் துளையில் பிடித்திருந்த பச்சைக் களிம்பை எடுத்துத் தருவதாகச் சொன்ன ஒரு கைபேசிப் பழுதுநீக்கும் கடையில் 4,850 ரூபாய் கொடுத்து ஏமாந்திருக்கிறேன்.

கைபேசி என் அப்பாவுடையது. தேவனாம்பட்டினத்திலிருந்து பைபர் படகில் தொழிலுக்குப் போகிறவர் அவர். பிளாஸ்டிக் உறையில் சுற்றித்தான் எடுத்துச் செல்வார். ஆனாலும் உப்பு ஈரம் எப்படியோ உள்ளே போய்விடும். கரைக்கு வந்ததும், அந்த ஈரம் காய்வதற்கு முன்பே, சார்ஜில் போட்டுவிட்டுப் படுப்பார். உப்பு நீர் பட்ட முனையில் மின்சாரமும் பாய்ந்தால் செம்பு வேகமாக அரித்துப் போகும் என்பது எங்கள் வீட்டில் யாருக்கும் அப்போது தோன்றவில்லை. ஒரு மாதமாகக் கேபிளை ஒரு பக்கமாக வளைத்துப் பிடித்தால்தான் சார்ஜ் ஏறியது. கேபிளின் முனையை வெளிச்சத்தில் பார்த்தபோது, ஓரத்தில் பச்சை படிந்து, உள்ளே ஒரு தொடுமுனை கறுத்திருந்தது.

கடைக்காரரை நான் நம்பியதற்குக் காரணம் இருந்தது. அவர் கைபேசியை நுண்ணோக்கியின் கீழே வைத்து என்னையே பார்க்கச் சொன்னார். டைப் சி துளையின் நடுவே இருக்கும் மெல்லிய நாக்கில் வரிசையாக இருக்க வேண்டிய பொன்னிறக் கோடுகளில் நான்கின் மேல், குளத்துப் படிக்கட்டில் பாசி ஏறியதைப் போலப் பச்சை ஏறியிருந்தது. “கடல் காத்து பட்ட போனுக்கெல்லாம் இப்படித்தான்க்கா வரும். சுத்தம் பண்ணாலே போதும், 300 ரூபா குடுங்க” என்றார். பெரிய தொகையைச் சொல்லியிருந்தால் யோசித்திருப்பேன். 300 என்றதும் நேர்மையானவர் என்று நினைத்துக் கைபேசியை விட்டுவிட்டு வந்தேன்.

மாலையில் அவரிடமிருந்து அழைப்பு வந்தது. களிம்பு உள்ளே வரை போய்விட்டது, சார்ஜிங் போர்டையும் (அந்தத் துளை பொருத்தியிருக்கும் சிறு மின்பலகை) பேட்டரியையும் மாற்றியாக வேண்டும், ஏற்கெனவே கழற்றியாகிவிட்டது, இப்படியே வாங்கிக்கொண்டு போனால் போன் ஆன் ஆகாது என்றார். அப்பாவின் எண்ணுக்குத்தான் ஏலக்காரர்களும் பேசுவார்கள், வானிலைச் செய்தியும் வரும் என்பதால் நான் வாதாடவில்லை. 4,850 ரூபாயை யூபிஐயில் அனுப்பினேன். ரசீது கேட்டதற்குப் பில் புத்தகம் தீர்ந்துவிட்டது என்றார். மூன்று மாத வாரன்ட்டி என்று வாயால் மட்டும் சொன்னார். மாற்றிய பழைய பாகங்களை நான் கேட்கவே இல்லை. அந்த ஒன்றைக் கேட்டிருந்தால் அங்கேயே வெளிப்பட்டிருக்கும்.

ஒன்பதாம் நாள் சார்ஜ் ஏறுவது அடியோடு நின்றுவிட்டது. முதல் முறை போனபோது கேபிள்தான் கோளாறு என்று 350 ரூபாய்க்குப் புதிய கேபிள் ஒன்றை விற்றார். அதை நான் இந்த 4,850 ரூபாயில் சேர்க்கவில்லை. இரண்டாம் முறை மாஸ்டர் சென்னைக்குப் போயிருப்பதாகச் சொன்னார். மூன்றாம் முறை ஒரு மணி நேரம் நிற்க வைத்துவிட்டு நாளைக்கு வரச் சொன்னார். நேற்று, நான்காம் முறை, “தண்ணி பட்ட போனுக்கு வாரன்ட்டி கிடையாது மேடம்” என்றார். பணம் வாங்கும்வரை அக்காவாக இருந்த நான் அதன்பின் மேடம் ஆகிவிட்டேன். தண்ணீர் பட்டது தெரிந்துதானே முதல் நாளே பழுதுக்கு வாங்கிக்கொண்டார்?

அங்கிருந்து நேராக மஞ்சக்குப்பத்தில் வேறொருவரிடம் கொண்டுபோய், என் கண் முன்னாலேயே பிரிக்கச் சொன்னேன். போர்டு மாற்றப்படவே இல்லை. அதே பழைய போர்டில் களிம்பு இன்னும் அகலமாகப் பரவியிருந்தது. பேட்டரியும் பழையதுதான், அதன் அடியில் இருந்த ஒட்டுப் பட்டையைக்கூட யாரும் பிரித்ததில்லை. துளையின் நாக்கில் ஊசியால் சுரண்டிய கீறல்கள் தெளிவாகத் தெரிந்தன. அந்தத் தொடுமுனைகளின் மேல் பூசியிருக்கும் மெல்லிய தங்கப் பூச்சுதான் உப்பைத் தடுக்கிறது. அதைச் சுரண்டி எடுத்துவிட்டால் அடியிலுள்ள உலோகம் முன்பைவிட வேகமாக அரிக்கும் என்று அவர் விளக்கினார். 4,850 ரூபாய் வாங்கிக்கொண்டு செய்த ஒரே வேலை அந்தச் சுரண்டல்தான், அதுவும் கேடு. இவர் 700 ரூபாய்க்குப் புதிய சார்ஜிங் போர்டு போட்டு, கழற்றிய பழையதைத் தாளில் மடித்துக் கையில் கொடுத்து, ரசீதும் எழுதித் தந்தார்.

விரிவாக எழுத வேண்டும் என்றுதான் தொடங்கினேன், இப்போது மனம் நிலையில்லை. முக்கியமானதை மட்டும் சொல்கிறேன். ஈரம் பட்ட போனை முழுவதும் காயும்வரை சார்ஜில் போடாதீர்கள். அரிசியில் புதைக்கவும் வேண்டாம், தூள் துளைக்குள் போய் அடைக்கும். லேசான களிம்பு என்றால் போனை அணைத்துவிட்டு, ஐசோப்ரொப்பைல் ஆல்கஹாலில் (மின்பாகங்களைத் துடைக்கும், சீக்கிரம் ஆவியாகும் திரவம்) தொட்ட மென்மையான பிரஷ்ஷால் துடைக்கலாம், ஊசி, குண்டூசி எதையும் உள்ளே விடாதீர்கள். முனை பச்சை பிடித்த கேபிளை வேறு போனில் செருகாதீர்கள், அது சூடாகும், அந்தத் துளையையும் கெடுக்கும். பழுதுக்குக் கொடுக்கும்போது எதிரிலேயே பிரிக்கச் சொல்லுங்கள், பழைய பாகத்தையும் ரசீதையும் வாங்காமல் பணம் அனுப்பாதீர்கள்.

தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் இன்று புகார் பதிகிறேன். யூபிஐ பரிமாற்றப் பதிவும், அந்தப் பழைய போர்டும் என்னிடம் இருக்கின்றன. 4,850 ரூபாய் திரும்பி வரும்வரை விடுவதாக இல்லை.