ஏர் ரைஃபிளுக்கு ஸ்லக்: நீண்ட நாள் சுட்டுப் பார்த்த அனுபவம்

ஸ்லக் (இடுப்பு ஒடுங்காத, உருளை வடிவ ஈயக் குண்டு) வாங்கலாமா என்று கேட்கிறவர்களுக்கு என் பதில்: 50 மீட்டருக்குள் மட்டும் சுடுகிறீர்கள் என்றால் வேண்டாம், ஏர் ரைஃபிளுக்கான வழக்கமான ஈயக் குண்டாகிய நல்ல பெல்லட்டே போதும். 75, 100 மீட்டர் என்று தள்ளிப் போகிறீர்கள், பக்கக் காற்றோடு தினமும் மல்லுக்கட்டுகிறீர்கள் என்றால் கட்டாயம் முயலுங்கள். ஆனால் டப்பாவைக் கையில் எடுத்ததும் முதலில் பார்க்க வேண்டியது எடையை அல்ல, விட்டத்தை.

நான் சுடுவது .22 (அதாவது 0.22 அங்குல அளவு) பிசிபி ரைஃபிளில், முன்கூட்டியே நிரப்பிய உயர் அழுத்தக் காற்றில் சுடும் வகை. ஒவ்வொரு ஷாட்டுக்கும் ஒரே அழுத்தம் தரும் ரெகுலேட்டர் உண்டு, காற்று வால்வைத் தட்டித் திறக்கும் சுத்தியலின் ஹேமர் ஸ்பிரிங்கை வெளியிலிருந்தே திருகலாம். அதில் பெல்லட்டையும் ஸ்லக்கையும் எல்லாப் பருவத்திலும் மாற்றி மாற்றிச் சுட்டுப் பார்த்துவிட்டுத்தான் இதை எழுதுகிறேன்.

இரண்டும் பறக்கிற விதமே வேறு. பெல்லட்டுக்கு இடுப்பு ஒடுங்கி, பின்பக்கம் குழிந்து விரிந்திருக்கும். காற்று அந்த விரிந்த பகுதியைப் பின்னுக்கு இழுப்பதால், இறகுப்பந்து போல மூக்கு எப்போதும் முன்னாலேயே நிற்கும். அதற்குக் கொடுக்கிற விலை வேகம். ஸ்லக் உருளை வடிவம், இடுப்பு கிடையாது. பேரல் கொடுக்கிற சுழற்சியை நம்பித்தான் அது நேராகப் போகிறது. காற்றைக் கிழித்துப் போகும் திறனைச் சொல்லும் பி.சி. எண் .22 பெல்லட்டுகளுக்குப் பெரும்பாலும் 0.03-ஐ ஒட்டி இருக்கும். ஸ்லக்கில் அது 0.06-இலிருந்து 0.1 வரை போகும்.

இந்த வித்தியாசம் காகிதத்தில் தெரிவதைவிடக் களத்தில் நன்றாகத் தெரியும். பக்கக் காற்று ஒரு குண்டை எவ்வளவு தள்ளும் என்பது அது இலக்கை அடைய எடுக்கும் மொத்த நேரத்தைப் பொறுத்தது அல்ல. காற்றே இல்லாத வெற்றிடத்தில் எடுத்திருக்கும் நேரத்தைவிட எவ்வளவு தாமதம் என்பதுதான் கணக்கு. வேகத்தை விட்டுக்கொடுக்காத குண்டுக்குத் தாமதம் குறைவு, விலகலும் குறைவு. 100 மீட்டரில் என் 18.13 கிரெய்ன் (குண்டின் எடை அலகு, ஒரு கிரெய்ன் சுமார் 0.065 கிராம்) பெல்லட் ஒரு சாண் ஒதுங்கிய காற்றில், 25 கிரெய்ன் ஸ்லக் அதில் பாதிகூட ஒதுங்கவில்லை. காற்று சற்று ஏறி இறங்கினாலும் குரூப் (ஒரே குறிக்குச் சுட்ட ஷாட்டுகள் விழும் கூட்டம்) சிதறாமல் நிற்பதை ஸ்கோப்பில் பார்த்தபோது வந்த சந்தோஷம் தனி.

சரி, விட்டத்துக்கு வருவோம். .22 ஸ்லக்குகள் .216, .217, .218 அங்குலம் என்று வெவ்வேறு அளவில் வருகின்றன. ஒன்றுக்கொன்று வித்தியாசம் அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு, அதாவது 0.025 மி.மீ. சாதாரண எழுதும் தாளின் கனத்தில் கால்வாசி. இவ்வளவு சின்ன வித்தியாசம் என்ன செய்துவிடும் என்று தோன்றும். என் பேரலில் .218 மேகசினிலிருந்து உள்ளே போகும்போதே கைப்பிடியில் ஒரு பிசிறு தட்டும். பிறகு பேரலின் வாயைப் பார்த்தால் ஈயம் நூல் போலச் சீவப்பட்டு ஒட்டியிருக்கும். அந்த அளவில் 50 மீட்டரில்கூடக் குரூப் அமையவில்லை. .216 சுலபமாகப் போனது, ஆனால் வேகம் ஷாட்டுக்கு ஷாட் ஏறி இறங்கியது. .217-க்கு மாறியதும் அதே எடை, அதே காற்றழுத்தம், அதே கை, குரூப் மட்டும் பாதியாகச் சுருங்கியது. எனக்கு .217 பொருந்தியது என்பதற்காக உங்களுக்கும் அதுதான் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். ஒரே கம்பெனி, ஒரே மாடலில்கூட இரண்டு பேரல்கள் வேறு வேறு அளவைக் கேட்கும்.

இதைத் தோட்டாவைச் செலவழிக்காமலேயே ஓரளவு கண்டுபிடிக்கலாம். காற்றை முழுவதும் வெளியேற்றி, துப்பாக்கி காக் ஆகவில்லை (சுடத் தயாராக இழுத்து நிறுத்தப்படவில்லை) என்று உறுதி செய்துகொண்ட பிறகு, ஒரு ஸ்லக்கைப் பின்பக்கத்திலிருந்து சுத்தம் செய்யும் கம்பியால் மெல்லத் தள்ளுங்கள். ஆரம்பத்தில் ஒரு இறுக்கம், அப்புறம் சீரான எதிர்ப்பு. பேரலில் சோக் (வாய்ப்பக்கத்தில் லேசான ஒடுக்கம்) இருந்தால் கடைசி ஓரிரு அங்குலத்தில் கம்பி மறுபடி கனக்கும். வெளியே வந்த ஸ்லக்கைப் பூதக்கண்ணாடியில் பாருங்கள். குண்டைச் சுழற்றும் பேரலின் உள் வரிப்பள்ளங்கள் பதித்த ரைஃபிளிங் கோடுகள் சுற்றிலும் ஒரே ஆழத்தில் பதிந்திருக்க வேண்டும். ஒரு பக்கம் அழுத்தமாகவும் மறுபக்கம் மங்கலாகவும் இருந்தால் ஸ்லக் சாய்ந்து உள்ளே போகிறது. அடிப்பக்க விளிம்பில் ஈயம் பிதுங்கி நின்றால் அளவு பெரிது. மூக்கில் சின்ன நசுங்கல் இருந்தால் நான் கவலைப்படுவதில்லை. அடிப்பக்கத்தில் காயம் இருந்தால் அதைத் தனியே எடுத்து வைத்துவிடுகிறேன். பேரலை விட்டு வெளியேறும் கணத்தில் காற்று கடைசியாகத் தள்ளுவது அந்த விளிம்பைத்தான். அது கோணலாக இருந்தால் தள்ளுவதும் கோணலாகத்தான் இருக்கும்.

சோக் பெல்லட்டுக்கு நல்லது, எடையுள்ள ஸ்லக்குக்கு அவ்வளவு ஒத்துவராது என்பது பலரும் சொல்வது. என் பேரலின் சோக் லேசானது, பெரிய தொந்தரவு தரவில்லை.

ட்விஸ்ட், அதாவது குண்டு ஒரு சுற்றுச் சுழலப் பேரலில் எத்தனை அங்குலம் போக வேண்டும் என்ற அளவு (அங்குலம் குறைந்தால் வேகமான ட்விஸ்ட்), பற்றி நிறையக் குழப்பம் இருக்கிறது. எடை கூடினால் வேகமான ட்விஸ்ட் வேண்டும் என்கிறார்கள். உண்மையில் கேட்பது நீளம்தான். 1879-இல் ஆங்கிலேயக் கணிதவியலாளர் க்ரீன்ஹில் தந்த சூத்திரம் இன்றும் முதல் மதிப்பீட்டுக்குப் போதும்: விட்டத்தை விட்டத்தால் பெருக்கி, அதை 150-ஆல் பெருக்கி, குண்டின் நீளத்தால் வகுக்க வேண்டும், எல்லாம் அங்குலத்தில். சுமார் 7 மி.மீ. நீளமுள்ள ஸ்லக்குக்கு 25 அங்குலத்தில் ஒரு சுற்று என்று வருகிறது. பல பேரல்களில் இருப்பது 16 முதல் 18 அங்குலத்தில் ஒரு சுற்று, ஆக இந்த நீளத்துக்குத் தாராளம். நீளம் 10 மி.மீ.-ஐத் தொட்டால் சூத்திரம் 18 அங்குலத்தை ஒட்டி வந்துவிடும், அங்கே எல்லை நெருங்குகிறது. பெல்லட்டுக்கென்றே செய்த பேரலை வைத்துக்கொண்டு மிக நீளமான ஸ்லக்கைத் தேடிப் போக வேண்டாம் என்று நான் சொல்வது இதனால்தான்.

வேகத்தைச் சரிசெய்வதில்தான் அதிக நேரம் போனது, போனதில் வருத்தமில்லை. பெல்லட்டை விநாடிக்கு 880 அடி அளவில் வைத்திருந்தேன். அப்போது ஆற்றல் சுமார் 31 அடி-பவுண்டு. 25 கிரெய்ன் ஸ்லக்கை 900 அடிக்குக் கொண்டு போனால் அது 45 அடி-பவுண்டு ஆகிறது, ஜூலில் 61. இந்தக் கூடுதல் ஆற்றல் சும்மா வராது. ரெகுலேட்டர் அழுத்தத்தை ஏற்ற வேண்டும், அதற்கேற்ப ஹேமர் ஸ்பிரிங்கையும் இறுக்க வேண்டும், ஒரு முறை நிரப்பினால் கிடைக்கும் ஷாட் எண்ணிக்கை கண்கூடாகக் குறையும். வேகத்தை அளக்கும் குரோனோகிராஃப் இல்லாமல் இந்த வேலையில் இறங்காதீர்கள். ஸ்பிரிங்கைக் கால் சுற்று திருகுவது, ஐந்து ஷாட் சுடுவது, வேகத்தைக் குறித்துக்கொள்வது, டார்கெட்டைப் பார்ப்பது. வேகம் கூடக்கூடக் குரூப் நேர்கோடாகச் சுருங்காது. ஒரு இடத்தில் இறுகும், தாண்டினால் விரியும், மறுபடி இறுகும். என் ரைஃபிளுக்கு அந்த இடம் 900-ஐ ஒட்டியது. 950-க்கு மேல் தள்ளியதில் சத்தம் கூடியதுதான் மிச்சம்.

ஜேஎஸ்பி நாக்அவுட், எச் அண்ட் என் ஸ்லக் எச்பி இரண்டும் என் பேரலில் நன்றாகப் போயின. நாக்அவுட் 25.39 கிரெய்னையே கடைசியில் வைத்துக்கொண்டேன். 100 மீட்டரில் ஐந்து ஷாட் குரூப் காற்றில்லாத காலையில் 35 மி.மீ. அளவில் நிற்கிறது, பெல்லட் 60-ஐ ஒட்டி. 50 மீட்டரிலோ இரண்டுக்கும் வித்தியாசம் கண்டுபிடிக்கவே முடியாது. சில நாள் பெல்லட்தான் ஒரு முடி முன்னால். வேறொரு ஸ்லக்கில் டப்பாவுக்கு டப்பா விட்டம் மாறியது, பழைய டப்பாவில் பார்த்த குரூப் புதியதில் வரவில்லை. அதனால் பொருந்துவது கிடைத்துவிட்டால் ஒரே லாட்டில் (ஒரே தயாரிப்புத் தொகுதியில்) சில டப்பாக்களைச் சேர்த்து வாங்கிவிடுவது நல்லது.

மேகசின் ஆழத்தையும் வாங்கும் முன் அளந்து பாருங்கள். நீளமான ஸ்லக் துளையைத் தாண்டித் துருத்தினால் சுழலாமல் சிக்கும். சைலன்சர் மாட்டியிருந்தால் அதன் தடுப்புத் துளைகள் பேரலோடு நேராக இருக்கின்றனவா என்று பார்ப்பதும் அவசியம். லேசாக உரசினாலும் ஸ்லக் எங்கேயோ போய்விடும்.

பேரல் அழுக்காவது பெல்லட்டைவிட வேகம். ஸ்லக்கின் பக்கம் முழுக்கப் பேரலோடு உரசுவதால் ஈயம் படிகிறது. குரூப் மெல்ல விரியத் தொடங்கினால் டியூனை (அழுத்தம், ஸ்பிரிங் அமைப்பை) நோண்டாமல் முதலில் ஃபெல்ட் பேட் (கம்பளித் துணி உருளை) விட்டுத் துடைப்பேன். துடைத்த பிறகு முதல் சில ஷாட்டுகள் அலையும், அவற்றைக் கணக்கில் சேர்ப்பதில்லை. சாதாரண பெட்ரோலிய எண்ணெயைக் காற்று போகும் பாதைக்குள் விட்டுவிடாதீர்கள், உயர் அழுத்தக் காற்றில் அது தீப்பற்றக்கூடும். ஸ்பிரிங் பிஸ்டன் ரைஃபிள் வைத்திருப்பவர்கள் கனமான ஸ்லக்கை விட்டுவிடுங்கள். வேகமும் கிடைக்காது, பிஸ்டன் எகிறி உதைப்பதும் கூடும்.

கடைசியாக, நான் மிகவும் கண்டிப்பாக இருக்கும் விஷயம். பெல்லட் போகப்போகச் சோர்ந்துவிடும் என்ற தைரியத்தில் நாம் பழகிவிட்டோம். ஸ்லக் அப்படிச் சோர்வதில்லை. குறி தவறினால் பெல்லட் போகும் தூரத்தைத் தாண்டிப் போகும், கல்லில் பட்டால் எகிறியும் போகும். பெல்லட்டுக்குப் போதுமாக இருந்த பலகைத் தடுப்பை எடுத்துவிட்டு மணல் மூட்டைகளை இரண்டு அடுக்காக வைத்திருக்கிறேன். அதற்குப் பின்னால் மண் மேடு இருக்கிற இடத்தில் மட்டும்தான் 100 மீட்டருக்குப் போகிறேன். சுட்டு முடித்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவாமல் எதையும் சாப்பிடுவதில்லை. விரலில் ஒட்டும் அந்தக் கறுப்பு முழுக்க ஈயம்.