பதிலடியா, பிளாக்கா, ரெஸ்ட்ரிக்டா?

அக்கா இன்ஸ்டாவில் சமையல் வீடியோ போடுகிறாள். கமெண்ட்களைக் கவனிப்பது என் பொறுப்பு. வத்தக்குழம்பு வீடியோவின் கீழே ஒரு நாள் ஒருவர் வந்து சேர்ந்தார். நடிகர் படம் வைத்த ஐடி, பெயருக்குப் பின்னால் எட்டு எண்கள். "குழம்பு இருக்கட்டும், முதல்ல மூஞ்சியக் கழுவு" என்று ஆரம்பித்தவர், ஒரே வாரத்தில் பழைய வீடியோக்கள் வரை தேடிப் போய்த் திட்டிவைத்திருந்தார்.

அக்கா முதலில் கையில் எடுத்தது பதிலடி. "உங்க வீட்ல குழம்பு கிடைக்கலையா அண்ணா?" என்று கேட்டாள். நாற்பது லைக் விழுந்தது. அவருக்கோ அதுதான் விருந்து. அன்று இரவே பதினோரு கமெண்ட். அவர் எழுதியதை ஸ்கிரீன்ஷாட் எடுத்து ஸ்டோரியில் போடுவது இன்னும் மோசம். அவரை யாரென்றே தெரியாத நம் ஆட்களிடம் நாமே அவரை அறிமுகம் செய்துவைக்கிறோம். ஆனால் "வெல்லம் போட்டா அது வத்தக்குழம்பே இல்ல" என்று சண்டைக்கு வருபவர் வேறு ரகம். அது வம்பு இல்லை, பக்குவத் தகராறு. அவருக்குத் தாராளமாகப் பதில் சொல்லலாம்.

அடுத்து பிளாக். செய்த நிமிடம் மனசு ஆறும். அவருக்கு அறிவிப்பு எதுவும் போகாது என்றாலும், நம் பக்கத்தைத் தேடிக் கிடைக்காதபோது புரிந்துவிடும். "பயந்து ஓடிட்டாங்க" என்று அதையே மெடலாகக் குத்திக்கொண்டு இன்னொரு ஐடியில் வருவார். எட்டு எண்காரர் நான்கே நாளில் வந்தார். அதே ஆள் புதிதாகத் தொடங்கும் கணக்குகளையும் சேர்த்துத் தடுக்க இன்ஸ்டாவில் வசதி உண்டு. எல்லா நேரமும் அது பிடித்துவிடும் என்று நம்ப முடியாது. எக்ஸில் (பழைய ட்விட்டர்) 2024 நவம்பரிலிருந்து பிளாக்கின் பலம் பாதியாகிவிட்டது. தடுக்கப்பட்டவரால் பதில் போட முடியாதே தவிர, நம் பொதுப் பதிவுகளைப் படிக்க முடியும்.

என் ஓட்டு ரெஸ்ட்ரிக்டுக்கு. இன்ஸ்டாவில் 2019-ல் வந்தது. அவர் கமெண்ட் போடலாம், போட்டது அவர் திரையில் தெரியும், ஊருக்குத் தெரியாது. டிஎம் (தனிச் செய்தி) அனுப்பினால் ரெக்வெஸ்ட் பக்கம் போய் ஒதுங்கும். நாம் படித்தோமா என்பதும் அவருக்குத் தெரியாது. யூடியூபில் ஒருவரைச் சேனலிலிருந்து மறைத்து வைப்பதும் ஏறக்குறைய இதே வேலைதான். கூட்டம் கேட்கிறது என்று நினைத்துக்கொண்டு பூட்டிய அறைக்குள் கத்துகிறார். நம் ஆள் இரண்டு வாரம் கத்தினார், லைக்கும் இல்லை சண்டையும் இல்லை, போய்விட்டார். ஒரே குறை, மறைந்த கமெண்டை நாம் மட்டும் தட்டிப் பார்க்க முடியும். அக்கா ராத்திரி பதினொரு மணிக்குத் தட்டிப் பார்த்துக்கொண்டே இருந்தாள். அந்தக் கை சும்மா இருக்காது என்றால் பிளாக்தான் சரி.

எக்ஸில் இருக்கும் மியூட்டை இதோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். அது நம் கண்ணை மட்டும் மூடும். நம் பதிவின் கீழே அவர் எழுதியதை மற்ற எல்லோரும் படித்துக்கொண்டுதான் இருப்பார்கள்.

ரிப்போர்ட் அடிக்கலாம், தப்பில்லை. வெறும் வசைக்கு எங்களுக்குக் கிடைத்தது "விதிமீறல் இல்லை" என்ற பதில்தான்.

மிரட்டல், மார்ஃபிங் படம், நம் பெயரில் போலிக் கணக்கு என்று போனால் மேலே சொன்னது எதுவும் போதாது, போலீஸ்தான். "66ஏ-வில் கேஸ் போடு" என்று இன்னமும் சொல்கிறார்கள். இணையத்தில் புண்படுத்தும்படி எழுதுவதற்கான, தகவல் தொழில்நுட்ப (ஐடி) சட்டத்தின் அந்தப் பிரிவை உச்ச நீதிமன்றம் 2015 மார்ச்சிலேயே ரத்து செய்துவிட்டது. ஐடி சட்டத்தில் ஆபாசப் பதிவுக்கு 67, அந்தரங்கப் படத்துக்கு 66இ இருக்கின்றன. விருப்பமில்லை என்று சொன்ன பிறகும் ஒரு பெண்ணை விடாமல் தொடர்புகொள்வது, அவள் இணையத்தில் என்ன செய்கிறாள் என்று கண்காணிப்பது ஆகியவை ஐபிசிக்குப் பதிலாக வந்த குற்றவியல் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 78-ம் பிரிவில் வரும். சைபர்கிரைம் டாட் கவ் டாட் இன் தளத்தில் வீட்டிலிருந்தே புகார் பதியலாம்.

இங்கேதான் முந்திக்கொண்டு அடிக்கும் பிளாக் காலை வாரும். கமெண்டை அழித்து, ஆளையும் தடுத்துவிட்டால் புகாரில் காட்ட ஒன்றும் இருக்காது. முதலில் தேதி தெரியும்படி ஸ்கிரீன்ஷாட், அந்தக் கமெண்டின் லிங்க், கணக்கின் லிங்க். பெயரையும் படத்தையும் அவர் எப்போது வேண்டுமானாலும் மாற்றிக்கொள்வார். இதற்கென்றே அக்காவின் போனில் இப்போது ஒரு ஃபோல்டர் இருக்கிறது. பெயர் 'வத்தக்குழம்பு'.