முகங்களைத் துணியில் ஏற்றும் அச்சுத் தாள்கள்

விலை கூடுதல்தான். ஆனாலும் பழைய புகைப்படங்களை வைத்து ஒட்டுப்போர்வை தைக்கிறவர்கள், வீட்டு இங்க்ஜெட் பிரிண்டரிலேயே அச்சிடக்கூடிய இந்தப் பருத்தித் தாள்களைத் தயங்காமல் வாங்கலாம். முதுகில் காகிதம் ஒட்டிய வெள்ளைத் துணி. மை பிடித்து நிற்கும்படி பதப்படுத்தியிருக்கிறார்கள். அச்சடித்து நன்றாக உலரவிட்டு, காகிதத்தை உரித்து, குளிர்ந்த நீரில் அலசிக் காய்ந்ததும் இஸ்திரி போட்டால் மற்றத் துணிகளோடு சேர்த்துத் தைத்துவிடலாம்.

நான் தைத்தது அமெரிக்கப் பெண்களின் வாக்குரிமைப் போராட்டத்துக்காக. அதன் புகழ்பெற்ற தலைவி சூசன் பி. அந்தோணிக்கு நாணயமே அடித்துவிட்டார்கள். நான் தேடியது வெள்ளை மாளிகை வாசலில் பதாகை பிடித்து நின்றவர்களை. அமெரிக்க நாடாளுமன்றத்தின் காங்கிரஸ் நூலக இணையதளத்தில், அந்தப் போராட்டத்தை நடத்திய தேசிய மகளிர் கட்சியின் புகைப்படங்கள் இலவசமாகக் கிடைக்கின்றன. பெரிய அளவிலேயே இறக்கிக்கொள்ளலாம். சிறுமியாக நெசவாலை வேலைக்குப் போன ரோஸ் வின்ஸ்லோ அங்கே இருக்கிறார். 1917-இல் சிறையில் உண்ணாவிரதம் இருந்து, வலுக்கட்டாயமாக உணவு செலுத்தப்பட்டவர். நெசவாலைப் பெண்ணின் முகம் பருத்தியில் பதிந்து பிரிண்டரிலிருந்து மெல்ல வெளிவந்தபோது எனக்கு நெஞ்சு அடைத்துக்கொண்டது.

தாளின் தரத்தைச் சோதிக்க 1917 பிப்ரவரியில் வெள்ளை மாளிகை முன் கல்லூரிப் பெண்கள் வரிசையாக நின்ற படம் போதும். கனத்த கோட்டின் மடிப்பு, தோளில் குறுக்காக அணிந்த கல்லூரிப் பட்டை, 'பெண்கள் சுதந்திரத்துக்கு இன்னும் எவ்வளவு காலம் காத்திருப்பது' என்று ஜனாதிபதியைக் கேட்கும் பதாகையின் எழுத்து, எல்லாம் தெளிவாக விழுந்தன. ஆனால் ஆழ்ந்த கறுப்பு மட்டும் காகிதத்தில் வருவதுபோல் வராது, சற்று வெளிறும். கணினியிலேயே ஒளி வேறுபாட்டைக் கூட்டி, லேசான பழுப்புச் சாயல் கொடுத்துவிடுவது நல்லது.

துணியின் நெசவு நெருக்கமானது. அதனால்தான் படம் துல்லியமாக விழுகிறது. அதனாலேயே கைத்தையலுக்கு முரண்டு பிடிக்கிறது. ஊசி போன துளையும் எளிதில் மறையாது. முகத்தின் மேல் தையலே போடாதீர்கள். ஹெலனா ஹில் வீட் என்ற நிலவியலாளர், ஆள்பவர்களின் அதிகாரம் ஆளப்படுவோரின் சம்மதத்திலிருந்தே வருகிறது என்று எழுதிய பதாகையைத் தூக்கியதற்காக மூன்று நாள் சிறையில் இருந்தார். கம்பிகளுக்குப் பின்னால் அவர் நிற்கும் படத்தில் ஒவ்வொரு கம்பியின் இரு பக்கமும் மெஷினில் தைத்தேன். உள்ளே வைத்த பஞ்சு மேலெழும்பி, கம்பிகள் விரலுக்குத் தட்டுப்படுகின்றன. இந்தத் தாளின் விறைப்பு அங்கே பெரிய உதவி.

தேசிய மகளிர் கட்சியின் படத்தொகுப்பில் பெரும்பாலும் வெள்ளையர் முகங்களே. அதோடு நிறுத்திக்கொண்டால் போர்வை பொய் சொல்லும். அதே நூலகத்தில், நானி ஹெலன் பர்ரோஸ் கறுப்பினப் பெண்களோடு பாப்டிஸ்ட் கிறிஸ்தவ மகளிர் மாநாட்டுக் கொடியைப் பிடித்து நிற்கும் படம் உண்டு. 1909-இல் வாஷிங்டனில் பெண்களுக்குப் பயிற்சிப் பள்ளி தொடங்கிய அவர், கறுப்பினப் பெண்களுக்கு வாக்குரிமை ஏன் வேண்டும் என்று எழுதியவர். 1920-இல் பெண்களுக்கு வாக்குரிமை தந்த அரசியல் சட்டத்தின் பத்தொன்பதாவது திருத்தம் வந்த பிறகும் தென்மாநிலங்களில் கறுப்பினப் பெண்கள் பெரும்பாலோர் வாக்களிக்க 1965-இன் வாக்குரிமைச் சட்டம் வர வேண்டியிருந்தது. அந்தப் படத்தைப் போர்வையின் நடுவில் வைத்து, சுற்றிலும் தேசிய மகளிர் கட்சியின் நிறங்களான ஊதா, வெள்ளை, பொன்னிறத்தில் பட்டை கொடுத்தேன்.

குறையும் உண்டு. நான் வாங்கிய பாக்கெட்டில் சில தாள்களின் ஓரத்தில் நூல் பிரிந்து பிரிண்டரில் சிக்கியது. உள்ளே செருகும் முன் தொங்கும் நூலைக் கத்தரித்துவிடுங்கள். நிறமி மை (pigment ink) போடும் பிரிண்டராக இருந்தால் படம் வெளுக்காமல் நீண்ட காலம் நிற்கும். இதே தாள் பட்டிலும் விற்கிறார்கள். சுவரில் மாட்ட அழகுதான், மடித்து விரித்துப் புழங்கும் போர்வைக்குப் பருத்தியே சரி.