துல்லியத்துக்கென்றே ஒரு .22 ரைஃபிள்: சி.இசட்., டிக்கா, மற்றும் சில போட்டியாளர்கள்

.22 எல்.ஆர். தோட்டாவைச் சுடும், ஒவ்வொரு தோட்டாவையும் கையால் போல்ட்டை இயக்கி ஏற்றும் போல்ட் ஆக்‌ஷன் ரைஃபிள் ஒன்றை, அணில் வேட்டைக்கு அல்லாமல் காகித இலக்கைத் துல்லியமாகச் சுடுவதற்கென்றே வாங்க நினைப்பவர், நான் வசிக்கும் ஒண்டாரியோவில் எந்தத் துப்பாக்கிக் கடைக்குள் நுழைந்தாலும் ஏறத்தாழ இதே ஐந்து பெயர்களைக் கேட்பார்: சாவேஜ் மார்க் 2, ரூகர் அமெரிக்கன், டிக்கா டி1எக்ஸ், சி.இசட். 457, பெர்காரா பி-14ஆர். அவர் சட்டைப்பை கனமாகத் தெரிந்தால் ஆன்ஷுட்ஸ் என்ற ஆறாவது பெயரும் மெதுவாக எடுத்து வைக்கப்படும். இவற்றுள் எதை வாங்கலாம் என்பதே இக்கட்டுரை. என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: பெரும்பாலானவர்களுக்குப் போட்டி சி.இசட்.டுக்கும் டிக்காவுக்கும் இடையில்தான். அந்த இரண்டுக்கும் இடையிலுள்ள வேறுபாடு, ஒரே ரைஃபிளில் நல்ல தோட்டாவுக்கும் ஒத்துவராத தோட்டாவுக்கும் இடையிலுள்ள வேறுபாட்டைவிடச் சிறியது.

துல்லியம் என்றால் எவ்வளவு என்று வரையறுத்துக்கொள்ளாமல் ஒப்பிடுவதில் பயனில்லை. 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் ஸ்வப்னில் குசாலே வெண்கலம் வென்ற 50 மீட்டர் மூன்று நிலைப் போட்டியின் இலக்கில் பத்துப் புள்ளி வளையத்தின் விட்டம் 10.4 மில்லிமீட்டர், குண்டின் விட்டமோ ஏறத்தாழ 5.6 மில்லிமீட்டர். ஐந்து குண்டுகள் விழுந்த துளைகளின் கூட்டத்தை இங்கே எல்லோரும் சொல்வதுபோல ‘குரூப்’ என்றே குறிப்பிடுகிறேன். தாங்கியில் வைத்துச் சுடும்போது 50 மீட்டரில் ஐந்து குண்டு குரூப்புகளைத் தொடர்ந்து 15 மில்லிமீட்டருக்குள் வைத்திருக்கும் ரைஃபிளை நல்லது என்றும், 10 மில்லிமீட்டருக்குள் வைத்திருப்பதை மிக நல்லது என்றும் நான் கொள்கிறேன். ‘தொடர்ந்து’ என்ற சொல்தான் முக்கியம். ஒருநாள் அதிர்ஷ்டவசமாக விழுந்த மூன்று குண்டு குரூப்பைக் கைப்பேசியில் படமெடுத்து வைத்திருப்பவர்கள் எல்லாக் கிளப்பிலும் உண்டு. அடுத்த பத்துக் குரூப்புகளின் படம் அவர்களிடம் இருக்காது.

இனி தோட்டா. .22 எல்.ஆர். போன்ற ரிம்ஃபயர் தோட்டாவில் தீமூட்டும் கலவை அடிவிளிம்பின் உள்மடிப்பில் இருப்பதால், தீமூட்டி அடியின் நடுவில் இருக்கும் சென்டர்ஃபயர் தோட்டாவைப்போல வெற்றுக் கூட்டை எடுத்து வீட்டில் மறுபடி நிரப்பிக்கொள்ள வழியில்லை. ஆலை தருவதைத்தான் சுட வேண்டும். அதிவேகத் தோட்டாக்கள் ஒலியின் வேகத்தைத் தாண்டிப் புறப்பட்டு வழியிலேயே அதற்குக் கீழே இறங்கும்போது குண்டு நிலைகுலைவதுண்டு என்பதால், இலக்குச் சுடுதலுக்கான தோட்டாக்கள் தொடக்கத்திலேயே ஒலிவேகத்துக்குச் சற்றுக் கீழே, நொடிக்குச் சுமார் 325 மீட்டரில் புறப்படுகின்றன. அந்த வேகத்தில் ஒரு தோட்டாவுக்கும் அடுத்த தோட்டாவுக்கும் நொடிக்கு 10 மீட்டர் வேறுபாடு இருந்தால், புவியீர்ப்புக் கணக்குப்படி 50 மீட்டரில் 7 முதல் 8 மில்லிமீட்டரும் 100 மீட்டரில் ஏறத்தாழ 3 சென்டிமீட்டரும் மேல்கீழாக விலகும். மேலே சொன்ன 10.4 மில்லிமீட்டர் வளையத்தோடு இதை ஒப்பிட்டுப் பாருங்கள். எந்த பேரலும் (துப்பாக்கிக் குழல்) இந்த வேறுபாட்டைத் திருத்தித் தராது.

இதை நான் காசு கொடுத்துக் கற்றேன். ஒரு கோடையில், என் ரைஃபிளுக்கு நன்றாக ஒத்துவந்த ஒரு தோட்டா தீர்ந்துபோனதும், அதே பெயர், அதே நிறப் பெட்டி, அதே விலையில் ஐந்நூறு தோட்டாக்கள் வாங்கினேன். அடுத்த வாரம் குரூப் ஏறக்குறைய இரட்டிப்பானது. குறிபார்க்கும் தொலைநோக்கியான ஸ்கோப்பின் வளையங்களை இறுக்கினேன், ஸ்டாக் எனப்படும் கட்டையின் திருகுகளைத் தளர்த்தி மறுபடி முறுக்கினேன், பேரலைக் கழுவினேன். கடைசியில் பழைய வெற்றுப் பெட்டியையும் புதியதையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோதுதான் மடிப்பின் உள்ளே அச்சிட்டிருந்த லாட் எண், அதாவது ஒரே தயாரிப்புத் தொகுதியைக் குறிக்கும் எண், வேறு என்று கண்ணில் பட்டது. பர்மிங்ஹாமில் ஈலியும், ஜெர்மனியின் ஷோனெபெக்கில் லாபுவாவும் சுடுநரின் ரைஃபிளையே கொண்டுவரச் சொல்லிப் பல லாட்டுகளைச் சோதித்துப் பார்க்கும் கூடங்களை நடத்துவது வீண் ஆடம்பரத்துக்காக அல்ல.

அப்படியானால் ரைஃபிளில் எதைப் பார்த்து வாங்குவது? மூன்றைப் பார்க்க வேண்டும்: தோட்டா அமரும் அறையான சேம்பர், ட்ரிக்கர், ரைஃபிள் உடம்போடு பொருந்தும் விதம். சேம்பர் சாதாரணமாகச் சற்றுத் தாராளமாக வெட்டப்பட்டிருந்தால் எந்தத் தோட்டாவும் எளிதில் நுழையும். ஆனால் குண்டு பேரலின் நடுக்கோட்டில் நேராக நிற்கும் என்பதற்கு உறுதியில்லை. மேட்ச் சேம்பர் எனப்படுவது இறுக்கமாகவும் குட்டையாகவும் வெட்டப்பட்டிருக்கும். போல்ட்டை மூடும்போதே குண்டின் மூக்கு பேரலின் உள்வரிகளில் அழுந்திப் பதிந்துவிடும். சுடாமல் அந்தத் தோட்டாவை வெளியே எடுத்தால் மெழுகு பூசிய ஈயத்தின்மீது நகம் கீறியதுபோன்ற மெல்லிய கோடுகளைப் பார்க்கலாம். சில வேளைகளில் குண்டு உள்ளேயே சிக்கிக்கொள்ள, வெறும் கூடு மட்டும் வந்து, பொடிப்பொடியான வெடிமருந்து போல்ட் ஓடும் பாதையெங்கும் சிந்தும். வரிசையில் திடீரென ‘சுடுவதை நிறுத்துங்கள்’ என்று குரல் வந்து, சுடாத தோட்டாவை வெளியே எடுக்க வேண்டிய நாளில் இது நடந்தால், பக்கத்தில் இருப்பவர்கள் பொறுமையோடு காத்திருக்க வேண்டியதுதான்.

செக் நாட்டின் உஹெர்ஸ்கி பிரோட் நகரில் உருவாகும் சி.இசட். 457, பழைய 452, 455 வரிசைகளின் வாரிசு. இதில் வாங்குபவர் கவனிக்கத் தவறும் ஒன்று: 457 என்ற பெயரில் வரும் எல்லா ரைஃபிளும் ஒன்றல்ல. லக்ஸ், அமெரிக்கன் போன்றவை வேட்டைக்கான சேம்பர் கொண்டவை; வார்மின்ட் எம்.டி.ஆர்., எல்.ஆர்.பி. ஆகியவற்றில்தான் மேட்ச் சேம்பர் கிடைக்கும். துல்லியமே நோக்கமென்றால் இவற்றைத்தான் கேட்டு வாங்க வேண்டும். கனமான பேரலும் வால்நட் மரக்கட்டையுமாக எம்.டி.ஆர். சுமார் மூன்றரைக் கிலோ இருக்கும். மணல்பையின்மீது வைத்தால் அசையாமல் நிற்கும். போல்ட் கைப்பிடி 60 பாகைதான் உயர்கிறது என்பதால் தாழ்வாகப் பொருத்திய பெரிய ஸ்கோப்பின்கீழும் விரல் இடிக்காது. ட்ரிக்கரை ஏறத்தாழ 800 கிராம்வரை இறக்கலாம்; இழுவையின் நீளத்தையும் விடுபட்ட பின்னான ஓட்டத்தையும் தனித்தனியாகச் சரிசெய்யலாம். பேரலைப் பிடித்திருப்பவை இரண்டு திருகுகளே. அவற்றைத் தளர்த்தினால் வேறு பேரலை வீட்டு மேசையிலேயே மாற்றிவிடலாம். குறைகளும் உண்டு. உடன் வரும் மேகசினில் ஐந்தே தோட்டாக்கள். மலிவுத் தோட்டா சிலவற்றை மேட்ச் சேம்பர் விருப்பமில்லாமல்தான் ஏற்கும். போல்ட்டை மூடும்போது கை அதை உணரும்.

2018இல் வந்த டிக்கா டி1எக்ஸ், ஃபின்லாந்தின் ரீஹிமேக்கி நகரில் சாக்கோ ஆலையில் செய்யப்படுகிறது. அந்த ஆலையின் சூடாக்காமலே சம்மட்டியால் அடித்து உருவாக்கும் பேரல்களுக்குப் பெரிய வேட்டை ரைஃபிள்களால் ஏற்கெனவே நல்ல பெயர் உண்டு; .22இலும் அந்தப் பெயர் கெடவில்லை. போல்ட் ஓட்டத்தின் வழவழப்பில் பெட்டியிலிருந்து எடுத்த கையோடு டிக்காவே முந்தும், சி.இசட். அந்த வழவழப்பை அடைய சில நூறு தடவை இயக்க வேண்டியிருக்கும். மேகசின் பத்துத் தோட்டா கொள்ளும். ஸ்டாக் பொருந்தும் குழிவு டிக்காவின் பெரிய ரைஃபிளான டி3எக்ஸ் உடையதே என்பதால், டி3எக்ஸ் வைத்திருப்பவர் அதே கட்டையில் இதையும் உட்காரவைத்து, மலிவான தோட்டாவில் அதே பிடியைப் பழகலாம். இந்த ஒரு காரணத்துக்காகவே பலர் இதை வாங்குகிறார்கள். அது நல்ல காரணம்தான்.

ஆனால் டிக்காவுடன் வரும் செயற்கைக் கட்டை எனக்குப் பிடித்ததில்லை. ரைஃபிளின் மொத்த எடையே சுமார் 2.6 கிலோ, முன்கட்டை இலேசானது, இருகாலியின்மீது அழுத்தினால் வளைவது கண்ணுக்கே தெரியும். கன்னம் அமரும் இடம் ஸ்கோப்புக்குத் தாழ்வு. காட்டில் தோளில் தூக்கி நடப்பவருக்கு இந்த எடை வரம். மேசையில் அமர்ந்து சுடுபவருக்கு, ஒவ்வொரு இதயத்துடிப்பும் குறுக்கு இழையில் தெரியும். டிக்காவை வாங்கி, பிறகு நல்ல கட்டை ஒன்றுக்குத் தனியாகச் செலவழிப்பவர் கூட்டிப் பார்த்தால், மொத்தம் சி.இசட். எம்.டி.ஆர். விலையைத் தாண்டியிருக்கும். ட்ரிக்கரும் ஒரு கிலோவுக்குக் கீழே இறங்காது. எனவே முழுக்க 50 மீட்டர் காகிதம் என்றால் எம்.டி.ஆர்.; இடம்மாறிச் சுடுவது, நடை, ஏற்கெனவே டி3எக்ஸ் என்றால் டிக்கா. இரண்டையும் ஒரே நாளில், ஒரே லாட்டில், என் எம்.டி.ஆர். ஒருபுறமும் நண்பர் ஒருவரின் டிக்கா மறுபுறமுமாகச் சுட்டுப் பார்த்தபோது, தாங்கியிலிருந்து வந்த குரூப்புகளை யாருடையது என்று எழுதிவைக்காமல் பிரித்தறிய எங்களால் முடியவில்லை. கட்டையைக் கையில் பிடித்துக் குப்புறப்படுத்துச் சுட்டபோதுதான் வித்தியாசம் வெளிப்பட்டது.

சாவேஜ் மார்க் 2 எங்கள் ஊர்ச் சரக்கு. பீட்டர்பரோவுக்கு அருகில் லேக்ஃபீல்டில்தான் செய்கிறார்கள். கனமான பேரல் கொண்ட எஃப்.வி. வகை, எம்.டி.ஆர். விலையில் ஏறத்தாழ பாதிக்குக் கிடைக்கும். அதன் ட்ரிக்கரான அக்யூட்ரிக்கர் அந்த விலைக்கு மிக நல்லது. போல்ட் கரகரக்கும், கட்டை மலிவாகத் தெரியும். என்றாலும் மிச்சமாகும் காசு முழுவதையும் நல்ல தோட்டாவில் போடுபவர், விலையுயர்ந்த ரைஃபிளில் மலிவுத் தோட்டா சுடுபவரை வெல்வது அரிதல்ல. ரூகர் அமெரிக்கன், 10/22 ரைஃபிளின் சுழல் மேகசினையே ஏற்பதால் வீட்டில் 10/22 இருப்பவருக்கு வசதி. அதற்கு மேல், துல்லியம் என்ற ஒரே அளவுகோலில் அதைச் சாவேஜுக்கு முன்னால் வைக்க எனக்குக் காரணம் தெரியவில்லை.

ஸ்பெயினின் பெர்காரா பி-14ஆர் வேறு வகைச் சிந்தனை. ரெமிங்டன் 700 ரைஃபிளின் அளவிலேயே இதன் உடல் இருப்பதால், அந்த ரைஃபிளுக்கென உலகெங்கும் குவிந்துகிடக்கும் ட்ரிக்கர்களும் கட்டைகளும் இதற்கும் பொருந்தும். மேட்ச் சேம்பர், கன்னப்பகுதியை உயர்த்தித் தாழ்த்தும் வசதி, நான்கு கிலோவுக்கு மேல் எடை என்று தொலைதூரப் போட்டிக்காரரின் தேவை அறிந்து செய்தது. 100 மீட்டருக்கு அப்பால் 200, 300 என்று இரும்புத் தகடுகளைச் சுடும் ஆசை உள்ளவருக்கு நான் இதைத்தான் சொல்வேன். 50 மீட்டரோடு நிற்பவருக்கு அந்தக் கூடுதல் விலை தேவையில்லாத சுமை.

ஆன்ஷுட்ஸைப் பற்றிச் சற்று நின்று பேச வேண்டும். 1856இல் துரிங்கியாவில் தொடங்கி, போருக்குப் பின் உல்ம் நகருக்கு இடம்பெயர்ந்த நிறுவனம். மேட்ச் 54 என்ற, தோட்டாவை ஏற்றிச் சுடும் இயக்கப் பகுதியான அதன் ஆக்‌ஷன் பல பத்தாண்டுகள் 50 மீட்டர் போட்டிகளின் அளவுகோலாகவே இருந்தது. புதியதன் விலையைச் சொல்லி யாரையும் பயமுறுத்த விரும்பவில்லை. ஆனால் பழைய 1413, 1813 போன்ற ஒற்றைத் தோட்டா இலக்கு ரைஃபிள்கள், ஓய்வு பெற்ற சுடுநர்களிடமிருந்தும் மூடப்படும் கிளப்புகளிடமிருந்தும் அவ்வப்போது விற்பனைக்கு வருகின்றன, புதிய எம்.டி.ஆர்., ஸ்கோப் இரண்டையும் கூட்டினால் வரும் தொகைக்கு அருகில் சில வேளைகளில் கிடைத்துவிடும். அந்த இரண்டு கட்ட ட்ரிக்கரை ஒருமுறை இழுத்தவர், கண்ணாடிக் குச்சி முறிவதுபோல என்று பலரும் சொல்வதன் பொருளைப் புரிந்துகொள்வார். மேகசின் இல்லை, எடை ஐந்து கிலோவைத் தாண்டும், கட்டை அந்தக் காலத்து உடற்கட்டுக்கு வெட்டியது. இவை தடையில்லை என்றால், நான் மேலே எழுதிய ஒப்பீடு முழுவதையும் ஒதுக்கிவிட்டு அதை வாங்கலாம். வாங்குமுன் பேரலின் தோட்டா அறை முனையை மட்டும் குழலின் உட்புறத்தைக் காட்டும் போர்ஸ்கோப்பால் பார்க்கச் சொல்லுங்கள். பல பத்தாயிரம் தோட்டா கண்ட ரைஃபிளில் அங்கேதான், ஆறு மணி திசையில், அரிப்பின் கரடுமுரடு முதலில் தெரியும்.

பேரல் நீளத்தைப் பற்றிய வாக்குவாதத்தில் நான் நேரம் செலவிடுவதில்லை. .22 தோட்டாவின் மருந்து 16 அங்குலத்துக்குள் தன் வேலையை ஏறத்தாழ முடித்துவிடுகிறது. குட்டைப் பேரல் விறைப்பாக இருக்கும், நெட்டைப் பேரல் முன்கனம் தரும், அவ்வளவே. சைலன்சர் பொருத்துவதற்காகப் பேரல் முனை மரை வெட்டியதா என்பதும் ஃபின்லாந்தில் கேட்க வேண்டிய கேள்வி. சைலன்சர் தடைசெய்யப்பட்ட கனடாவில் அது பெரும்பாலும் அலங்காரம். இந்தியாவில் இருந்து கேட்பவர்களுக்கு வேறு வரிசை: கிளப் உறுப்பினர் ஆவதும் 1959 ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டப்படி உரிமம் பெறுவதும் முதலில், ரைஃபிள் கடைசியில்.

எதை வாங்கினாலும் முதல் மாதத்துக்கு ஸ்கோப்பைத் தவிர வேறு எதற்கும் செலவழிக்காமல், ஐந்தாறு வகைத் தோட்டாக்களில் இரண்டிரண்டு பெட்டி வாங்கிக்கொள்ளுங்கள். எஸ்.கே. ஸ்டாண்டர்ட் பிளஸ், லாபுவா சென்டர்-எக்ஸ், ஈலியின் இடைநிலை வகை ஒன்று ஆகியவை அவற்றில் இருக்கட்டும். ஒரு வகையிலிருந்து மற்றதற்கு மாறும்போது பேரலில் படிந்த மெழுகும் மாற வேண்டும் என்பதால், முதல் பதினைந்து இருபது குண்டுகளைக் கணக்கில் சேர்க்கக் கூடாது. காற்றில்லாத காலையாக இருக்கட்டும். நொடிக்கு நான்கரை மீட்டர் பக்கக்காற்று 50 மீட்டரில் இக்குண்டை இரண்டு சென்டிமீட்டருக்கு மேல் தள்ளிவிடும். கடுங்குளிரையும் தவிருங்கள். மெழுகு இறுகுவதால் குரூப் விரிவதை நான் ஜனவரியில் பார்த்திருக்கிறேன். பனிச்சறுக்குச் சுடுநர்களுக்கென்று லாபுவா போலார் பயத்லான் என்ற தோட்டா தனியாக இருப்பதே அதனால்தான். வென்ற தோட்டா எது என்று தெரிந்த அன்று மாலையே கடைக்குப் போய், அந்த லாட் எண்ணைக் காட்டி, அலமாரியில் அதே எண்ணில் எத்தனை பெட்டி மிச்சமிருக்கிறது என்று கேளுங்கள்.