ஏரல் கடலைப் பாடம் நடத்த ஒரு வரைபடம்

சமூக அறிவியல் எடுக்கும் ஆசிரியர்கள் கூகுள் எர்த்தில் உள்ள, ஆண்டுவாரியான செயற்கைக்கோள் படங்களை அடுத்தடுத்து ஓட்டிக் காட்டும் டைம்லாப்ஸை ஒருமுறையாவது திறந்து பாருங்கள். காசு கட்ட வேண்டாம், உலாவியிலேயே ஓடும்.

வகுப்பில் நான் முதலில் காட்டுவது ஏரல் கடலைத்தான். கஜகஸ்தானுக்கும் உஸ்பெகிஸ்தானுக்கும் நடுவே, 1984இல் பெரிய நீலப் பரப்பு. ஆண்டு நகர நகரக் கரை உள்வாங்கும். நடுவில் இருக்கும் தீவு அகலமாகிக்கொண்டே போய், 2001 வாக்கில் தரையோடு ஒட்டிவிடும். 2014இல் நிறுத்தினால் கிழக்குப் பக்கம் வெறும் வெளிறிய மண். "வடக்குல மட்டும் ஏன் சார் தண்ணி நிக்குது?" என்று பிள்ளைகளே கேட்பார்கள். அங்கே 2005இல் கட்டிய கோக் அரால் அணையைப் பெரிதாக்கிக் காட்டுவேன். இந்தக் கேள்வியைப் பாடநூல் படம் எழுப்பியதே இல்லை. எனக்கு இதுதான் பெரிய விஷயம்.

குறையும் உண்டு. ஆமூ தரியா, சிர் தரியா ஆறுகளைப் பருத்தி வயல்களுக்குத் திருப்பியதால் கடல் சுருங்கத் தொடங்கியது 1960களில். படமோ 1984இல்தான் ஆரம்பிக்கிறது. அதனால் பழைய கரையைக் கரும்பலகையில் வரைந்து காட்டிவிட்டுத் தொடங்குவது நல்லது. அப்புறம், இதில் வரும் லேண்ட்சாட் செயற்கைக்கோள் படத்தில் ஒரு புள்ளி என்பது தரையில் 30 மீட்டர். ஊர்க் குளத்தைத் தேடும் பிள்ளைக்கு ஏமாற்றம்தான். மேட்டூர் அணை மாதிரிப் பெரிய நீர்ப்பரப்பைக் காட்டுங்கள்.