ஏர்பேக் வெடிச்ச காரை சர்வீஸ் சென்டர் கையில விட்டுடாதீங்க

செகண்ட் ஹேண்ட் கார் வச்சிருக்கவங்க கட்டாயம் படிங்க. எங்க அண்ணன் கார் முன்னாடி நின்ன வண்டில லேசா இடிச்சுது, பானட் கூட பெருசா நசுங்கல, ஆனா ஸ்டீயரிங்ல இருந்த ஏர்பேக் விரியறதுக்கு பதிலா வெடிச்சு, உள்ள இருக்க இன்ஃப்ளேட்டர் (பைய ஊத வைக்கிற வாயுவ உண்டாக்கற உலோகக் குடுவை) சிதறி ஒரு துண்டு அவர் தோள்ல ஏறிடுச்சு.

அந்த மாடலுக்கு ஏற்கனவே ரீகால், அதாவது குறையுள்ள ஏர்பேக்க மாத்திக்க வண்டிய கொண்டு வாங்கன்னு கம்பெனி அறிவிப்பு இருந்திருக்கு. லெட்டர் போனது பழைய ஓனருக்கு. வாங்கும்போதே அண்ணன் டீலர்கிட்ட கேட்டார், "அதெல்லாம் மாத்தியாச்சு சார்"னு வாய் கூசாம சொன்னான். மாத்தவே இல்லைன்னு அப்புறம்தான் தெரிஞ்சுது.

இதவிட அநியாயம் அதுக்கப்புறம் நடந்தது. நாங்க எல்லாம் ஆஸ்பத்திரில கெடக்கும்போது, வண்டிய டோ பண்ணிட்டுப் போன சர்வீஸ் சென்டர் எங்க யாரையும் ஒரு வார்த்தை கேக்காம ஸ்டீயரிங்க கழட்டி, ஒடஞ்ச இன்ஃப்ளேட்டர், ஏர்பேக் எப்ப விரியணும்னு முடிவு பண்ற கன்ட்ரோல் யூனிட் எல்லாத்தையும் "ஆய்வுக்கு"ன்னு கார் கம்பெனிக்கே அனுப்பிட்டாங்க. திருடன் கையில சாவிய குடுத்த கதைதான். வெளிப்பொருள் குத்தின காயம், தயாரிப்புல குறை இல்லன்னு கம்பெனி பதில் போட்டுச்சு. பார்ட்ஸ திருப்பிக் கேட்டா இன்னிக்கு வரைக்கும் பதிலே இல்ல.

எங்க கையில மிஞ்சினது ஆபரேஷன்ல எடுத்த அந்த துண்டு மட்டும்தான், அண்ணி கேட்டு வாங்கி ஒரு மூடி போட்ட டப்பால வச்சிருந்தாங்க. ஒரு ஓரம் கூரா கிழிஞ்சிருக்கு, மறுபக்கம் வளைவா இருக்கு, உருளையா இருந்த ஏதோ ஒண்ணு பிஞ்சு வந்ததுன்னு பாத்தாலே தெரியும். உலோகத் துண்டு எடுத்தோம்னு டிஸ்சார்ஜ் சம்மரிலயும் எழுதியிருக்கு. கேஸ் நிக்கறதே இத வச்சுதான்னு வக்கீல் சொல்றார்.

கம்பெனி ரிப்போர்ட்ட ஏன் அப்படியே நம்பக்கூடாதுன்னா ஏர்பேக் செஞ்ச ஜப்பான் கம்பெனி டகாட்டாவோட கேஸ பாருங்க. அவங்க இன்ஃப்ளேட்டர்ல வாயு உண்டாக்க போட்டது அம்மோனியம் நைட்ரேட்ங்கற ரசாயனம், வருஷக்கணக்கா சூடும் ஈரமும் பட்டு அது கெட்டுப்போய், அளவுக்கு மீறின வேகத்துல எரிஞ்சு உலோகக் கூட்டையே ஒடைச்சுது. டெஸ்ட் ரிப்போர்ட்ட திருத்தி கார் கம்பெனிகளுக்கு குடுத்தோம்னு 2017ல அமெரிக்க கோர்ட்ல அவங்களே குற்றத்த ஒத்துக்கிட்டாங்க. அதுக்கு கட்ட ஒத்துக்கிட்டது மொத்தம் 100 கோடி டாலர், அதுல அடிபட்டவங்களுக்கு ஒதுக்கினது 12.5 கோடி, கார் கம்பெனிகளுக்கு 85 கோடி! இத படிச்சப்ப எனக்கு வயிறு எரிஞ்சுது. அதே வருஷம் ஜூன்ல திவால் மனு போட்டாங்க. அமெரிக்கால மட்டும் ரீகால் ஆனது சுமார் 6.7 கோடி ஏர்பேக். ஆனா ஏர்பேக் செஞ்சவன் திவாலானாலும் கார் கம்பெனி மேல கேஸ் போட வழி இருக்கு, அத விட்றாதீங்க.

இப்படி ஏதாவது ஆச்சுன்னா வண்டில எதையும் கழட்டக்கூடாதுன்னு சர்வீஸ் சென்டருக்கும் இன்சூரன்ஸுக்கும் உடனே எழுத்துல குடுங்க, போட்டோ எடுங்க, டோட்டல் லாஸ்னு (ரிப்பேர் பண்ணி பிரயோஜனம் இல்லன்னு) இன்சூரன்ஸ்காரங்க செட்டில் பண்ணி வண்டிய எடுத்துட்டா நேரா ஸ்கிராப்தான், அப்புறம் கோர்ட்ல காட்ட ஒண்ணும் இருக்காது. வெடிக்காத ஏர்பேக்ல நீங்களும் கை வைக்காதீங்க, அது ஆபத்து. வக்கீலையும் சீக்கிரமே பாருங்க, கேஸ் போட கெடு இருக்கு, சில எடத்துல கார் முதல்ல வித்த தேதில இருந்தே அத எண்ணுவாங்க, பழைய வண்டின்னா நீங்க வாங்கறதுக்கு முன்னாடியே பாதி ஓடிப் போயிருக்கும்.