முறைக்காய்ச்சலும் யானை வருகையும்: சில ஆங்கிலப் பெயரடைகள்

முல்லைத்தீவு மாவட்டத்தில் ஒட்டுசுட்டான் பக்கத்துக் கமக்காரர் சிலருக்காக, மின்வேலி கேட்டு ஆங்கிலத்தில் ஒரு கடிதம் எழுதிக் கொடுத்தேன். யானைகள் 'பீரியாடிக்' ஆக வயலுக்குள் இறங்குகின்றன என்று அதில் இருந்தது. எத்தனை நாளுக்கு ஒருமுறை வருகின்றன, அட்டவணை அனுப்புங்கள் என்று பதில் வந்தது. அதை வாசித்துச் சொன்னதும் ஐயா ஒருவர் கேட்டார்: "தம்பி, ஆனை என்ன பஸ்ஸே, நேரம் பாத்து வாறதுக்கு?"

பிழை என்னுடையது. அந்த ஒரு சொல்லால் பதில் ஒரு போகம் தள்ளிப்போனது. அதிலிருந்து இந்தச் சொற்களை வகுப்பில் மிகக் கவனமாகச் சொல்லிக் கொடுக்கிறேன்.

பீரியாடிக் என்பதன் வேர் கிரேக்கம்; சுற்றி வரும் வழி என்று பொருள். ஒரு சுற்றுப் போய் அதே இடத்துக்குத் திரும்புவது. 'அவ்வப்போது' என்ற தளர்வான பொருளும் அகராதியில் உண்டு, பேச்சில் அது தவறில்லை. ஆனால் கடிதம், அறிக்கை என்று வந்துவிட்டால் வாசிப்பவர் ஒழுங்கான இடைவெளியைத்தான் தேடுவார். யானைக்கு நான் போட்டிருக்க வேண்டியது ஸ்பொராடிக். இன்று ஒரு வயல், பத்து நாள் கழித்து வேறொரு தென்னங்காணி, அப்புறம் ஒரு மாதம் சத்தமே இல்லை. காலத்திலும் இடத்திலும் சிதறிக் கிடப்பதற்கு உரிய சொல் அது. அதன் வேரில் விதைத்தல் என்ற கிரேக்க வினை இருக்கிறது. புழுதியில் நெல்லை வீசி விதைப்பவரின் கையைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்கவே தேவையில்லை: ஒரு மணி இங்கே, ஒரு மணி அங்கே.

இன்டர்மிட்டன்ட் வேறு. நடந்துகொண்டிருக்கும் ஒன்று இடையில் விட்டு, பிறகு தொடர வேண்டும். கரண்ட் போய்ப் போய் வந்தால் இன்டர்மிட்டன்ட். இந்த மாதம் ஒரு தரம், போன தை மாதம் ஒரு தரம் என்று போனால் ஸ்பொராடிக். வாரத்துக்கு ஒருநாள் சொல்லிவைத்து நிறுத்தினால் பீரியாடிக். மின்சார சபைக்கு முறைப்பாடு எழுதும்போது இந்த மூன்றில் எதை எழுதுகிறோம் என்பதில்தான் அவர்கள் கம்பியைத் தேடுவார்களா, அட்டவணையைத் தேடுவார்களா என்பது இருக்கிறது.

நம் பெரியவர்களுக்கு இந்த வேறுபாடு உடம்பாலேயே தெரிந்திருந்தது. மலேரியா இருந்த காலத்தில் அதற்கு முறைக்காய்ச்சல் என்று பெயர். முதலில் பல்லுக் கிட்டும் குளிர், பிறகு அனல், பிறகு பாய் நனையும் வியர்வை. மறுநாள் ஒன்றுமே நடக்காததுபோல எழும்பி வயலுக்குப் போவார்கள். அதற்கு அடுத்த நாள், ஏறக்குறைய அதே நேரத்தில், திரும்பவும் குளிர். வைவாக்ஸ் என்ற வகை மலேரியாக் கிருமிகள் இரத்தத்தின் சிவப்பணுக்களுக்குள் பெருகி, சுமார் 48 மணித்தியாலத்துக்கு ஒருமுறை ஒன்றாக வெடித்து வெளியேறுவதுதான் காரணம். காய்ச்சல் இடையில் முழுதாக விட்டுவிடுவதால் இன்டர்மிட்டன்ட். விடும் கால அளவு ஒழுங்கானதால் பீரியாடிக். குணமான பின்னும் ஈரலில் உறங்கிய கிருமி மாதங்கள் கழித்துக் கிளம்பினால் ரிக்கரன்ட், அதாவது ஓடிப்போனது திரும்பி ஓடிவருவது. இலங்கைக்குள் தொற்றிய கடைசி மலேரியா 2012இல் பதிவானது. 2016இல் உலக சுகாதார நிறுவனம் நாட்டை மலேரியா அற்றதாக அறிவித்தது. அதன் பிறகு வெளிநாட்டில் தொற்றி வருபவர்களிடம் அங்கொன்றும் இங்கொன்றுமாகக் காணப்படுவது ஸ்பொராடிக். ஒரே நோயில் நான்கு சொல்லும் வந்துவிட்டன. 'முறை' என்ற நம் சொல் முதல் இரண்டையும் சேர்த்தே பிடித்திருக்கிறது, அதுதான் எனக்குப் பெரிய வியப்பு.

பெரெனியலை ஒரு வரியில் சொல்லலாம்: ஆண்டு முழுதும் ஓயாதது. கோடையில் மணலாகக் கிடக்கும் கனகராயன் ஆற்றுக்கு அந்தச் சொல் பொருந்தாது.

முக்கியத்தைச் சொல்லும் பெயரடைகளுக்கு வருவோம். பிள்ளைகள் முதலில் குழம்புவது மொமென்டஸ், மொமென்டரி இரண்டிலும். ஒரே இலத்தீன் வேர், பொருளோ மலையும் மடுவும். மொமென்டரி கணத்தில் மறைவது. மொமென்டஸ், தராசைச் சாய்க்கும் எடை உள்ளது. நெல் நிறுக்கும்போது தட்டை இறக்குகிற அந்தக் கடைசிப் பிடி. 2002 பெப்ரவரியில் அரசும் புலிகளும் கையெழுத்திட்ட போர்நிறுத்த ஒப்பந்தம் மொமென்டஸ். அதன் எடையில்தான் யாழ்ப்பாணத்துக்குப் போகும் ஏ9 வீதி திறந்தது. 1990இல் நின்ற ரயில் 2013இல் திரும்பவும் கிளிநொச்சிக்கு வந்த நாளை நான் ஹிஸ்டோரிக் என்பேன், நினைவில் பொறிக்கத்தக்க நாள் என்பதால். ஹிஸ்டோரிக்கல் அவ்வளவு பெருமை கேட்காது; பழங்காலம் பற்றியது என்றால் போதும். 1920இல் கட்டி முடித்த இரணைமடுக் குளத்தின் பழைய வரைபடம் ஒன்று கிடைத்தால் அது ஹிஸ்டோரிக்கல்.

பின்னால் பலவற்றுக்கு வித்தாக அமைவது செமினல். அதற்குள்ளும் ஒரு விதை இருக்கிறது, இது இலத்தீன் விதை. ஸ்பொராடிக் சிதறியதைப் பார்க்கிறது, செமினல் முளைத்ததைப் பார்க்கிறது. 1964இல் தனிநாயகம் அடிகளாரும் மற்றவர்களும் டெல்லியில் உலகத் தமிழாராய்ச்சி மன்றத்தைத் தொடங்கியது செமினல். 1966 கோலாலம்பூரிலிருந்து 1974 யாழ்ப்பாணம் வரை மாநாடுகள் அதிலிருந்து முளைத்தன.

எபொக்கல் என்ற சொல்லை மட்டும் நான் யாருக்கும் எளிதில் எழுத விடுவதில்லை. புதுக் கட்டடத் திறப்புக்கெல்லாம் அதைப் போடுகிறார்கள். காலத்தை எண்ணுவதற்கு ஊன்றிய ஒரு நிலையான புள்ளி என்பது அதன் மூலம். ஒரு முறை படிவம் நிரப்ப வந்த அம்மா ஒருவரிடம் கணவர் இறந்த திகதியைக் கேட்டேன். மாதமும் ஆண்டும் அவருக்குச் சொல்லத் தெரியவில்லை. "நாங்கள் இடம்பெயர்ந்து மூண்டாம் மாசம், தம்பி," என்றார். கடைசி மகள் பிறந்தது? "இடம்பெயர முதல்." பேனையை வைத்துவிட்டு, அந்தப் புள்ளியிலிருந்து இருவருமாக மாதங்களை எண்ணத் தொடங்கினோம்.